கவனிக்கப்படாத தடகளப் பிரிவுகளில் தேசிய வீரர்களை உருவாக்குவது எப்படி: மைதானம், பயிற்சியாளர், நிதி, போட்டி என வரிசையாக

நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் ஆள் சேர்க்க யாரும் சிரமப்படுவதில்லை. சங்கிலிக் குண்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல், நடைப்போட்டி, தடைகளைத் தாண்டி ஓடும் ஸ்டீபிள்சேஸ், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்கத்லான் போன்றவற்றுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை, பல மாவட்டங்களில் பயிற்சியாளரும் இல்லை. இவற்றில் ஒன்றை எடுத்து, மாவட்ட அளவில் ஒரு சிறு குழுவைத் தொடங்கி, தேசியப் போட்டி வரை கொண்டுசெல்ல நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும், முன்னாள் வீரர்களுக்காகவும், அவர்களுக்கு உதவ விரும்பும் அறக்கட்டளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டைச் சார்ந்தவை.

இந்த வேலையில் தோற்றவர்களில் பெரும்பாலோர் பணம் இல்லாமல் தோற்கவில்லை. பணத்தைத் தவறான வரிசையில் செலவழித்துத்தான் தோற்றார்கள். முதலில் வென்ற பிள்ளைக்குப் பரிசு, அடுத்து விலையுயர்ந்த கருவி, கடைசியாகப் பயிற்சியாளர் என்று போவது வழக்கம். அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மைதான உரிமையாளரிடமிருந்து எழுத்துமூலமான அனுமதி, வாரத்தில் ஆறு நாள் தவறாமல் வந்து நிற்கக்கூடிய ஒரு பெரியவர், பயிற்சியாளரின் பதினெட்டு மாதச் சம்பளம், இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஆறு மாதத்தில் கைவிடுவது, சேர்க்காமலே இருப்பதைவிடக் கெடுதல். அந்தப் பிள்ளை அதற்குள் கபடியையோ கால்பந்தையோ விட்டுவிட்டு வந்திருக்கும்.

1. ஒரே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பிரிவுகளையும் தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரே பயிற்சியாளரும் ஒரே இடமும் போதுமானதாக இருந்தால் மட்டும் இரண்டாவதைச் சேர்க்கலாம். சங்கிலிக் குண்டுக்காகப் போட்ட வலைக்கூண்டில் வட்டும் எறியலாம். மும்முறைத் தாண்டுதலும் நீளம் தாண்டுதலும் ஒரே மணற்குழியைப் பகிர்ந்துகொள்ளும். கோலூன்றித் தாண்டுதல் எதனோடும் எதையும் பகிர்ந்துகொள்ளாது.

எது கவனிக்கப்படாத பிரிவு என்பதை ஊகிக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் கடந்த மூன்று ஆண்டுப் போட்டி முடிவுகளை எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எண்ணுங்கள். பிறகு தேசியச் சாதனைப் பட்டியலில் எந்தச் சாதனை நெடுநாள் அசையாமல் இருக்கிறது என்று பாருங்கள். பெண்கள் கோலூன்றித் தாண்டுதலில் வி.எஸ். சுரேகா 2014இல் தாண்டிய 4.15 மீட்டர், 2022இல் ரோஸி மீனா 4.20 மீட்டர் தாண்டும் வரை எட்டு ஆண்டுகள் நின்றது. இருவரும் தமிழ்நாட்டவர். நாடு முழுவதும் எவ்வளவு குறைவானவர்கள் இந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

உச்சியில் பதக்கம் வந்துவிட்டதால் அடித்தளமும் வலுவாகிவிட்டது என்று நினைக்கவும் கூடாது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியின் மும்முறைத் தாண்டுதலில் எல்தோஸ் பால் 17.03 மீட்டருடன் தங்கமும், அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டருடன் வெள்ளியும் வென்றார்கள். தமிழ்நாட்டின் பிரவீன் சித்திரவேல் நான்காவதாக வந்தார். ஆனாலும் பல மாவட்டப் போட்டிகளில் அந்தப் பிரிவுக்கு வருபவர்கள், நீளம் தாண்டுதலில் தகுதி பெறாததால் அன்று காலையில்தான் பெயர் கொடுத்த பிள்ளைகள்.

செலவு என்ற கோணத்தில் நடைப்போட்டிதான் எளிது. நல்ல காலணியும், வண்டி வராத ஒரு கிலோமீட்டர் சாலையும், விதி தெரிந்த ஒருவரும் போதும். மும்முறைத் தாண்டுதலுக்கு நாற்பது மீட்டர் ஓடுபாதையும் மணற்குழியும் வேண்டும். சங்கிலிக் குண்டுக்குக் கருவியைவிட வலைக்கூண்டும் திறந்த வெளியும்தான் பெரிய செலவு. கோலூன்றித் தாண்டுதலுக்கு மெத்தை, கோல்கள், மெத்தையை மழையிலிருந்து காக்கும் கூரை என எல்லாமே செலவு. முதல் முறை தொடங்குபவர்களுக்கு நடைப்போட்டியையோ மும்முறைத் தாண்டுதலையோதான் நான் பரிந்துரைப்பேன்.

பொதுவான தவறு: நான்கே பேர் கலந்துகொண்ட போட்டியில் கிடைத்த வெண்கலத்தைத் திறமையின் சான்றாக எடுத்துக்கொள்வது. ஆள் குறைந்த பிரிவில் பதக்கம் எதையும் சொல்லாது. எறிந்த தூரத்தையும் தாண்டிய உயரத்தையும், தேசிய ஜூனியர் போட்டியில் அதே வயதுப் பிரிவில் எட்டாவதாக வந்தவரின் அளவோடு ஒப்பிடுங்கள். அந்த இடைவெளி ஆண்டுதோறும் குறைகிறதா என்பது ஒன்றே கேள்வி.

2. மைதானத்தையும் பாதுகாப்பையும் முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்

அனுமதிக் கடிதத்தில் நேரம், பயன்படுத்தும் பகுதி, கருவி வைக்கும் அறை, சாவி யாரிடம் இருக்கும் என்ற நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி அனுமதி, தலைமையாசிரியரோ மைதானப் பொறுப்பாளரோ மாற்றலாகும் நாள் வரைதான் செல்லும். எங்கள் குழுவுக்கு ஒருமுறை அப்படித்தான் நேர்ந்தது. புதிதாக வந்தவர் கெட்டவர் அல்லர். அவரிடம் காட்ட எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை, அவ்வளவுதான்.

எறியும் பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும். 2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் நடந்த ஜூனியர் தடகளப் போட்டியில், ஈட்டி எறிதல் பகுதியில் தன்னார்வலராக நின்ற பள்ளி மாணவர் ஒருவர், பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த சங்கிலிக் குண்டு எறிதலின் குண்டு தலையில் பட்டு, இரண்டு வாரத்துக்குப் பிறகு மருத்துவமனையில் இறந்தார். இரண்டு எறியும் பிரிவுகளை ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடத்தியதுதான் அடிப்படைத் தவறு. பயிற்சியிலும் அதே விதி பொருந்தும். ஒருவர் எறியும்போது வேறு எவரும் எறியக்கூடாது, குண்டை எடுக்கப் போனவர் திரும்பி வந்து கூண்டுக்குப் பின்னால் நிற்கும் வரை அடுத்தவர் வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

சங்கிலிக் குண்டுக்கான வட்டம் 2.135 மீட்டர் விட்டம் கொண்டது. அதைச் சுற்றிய கூண்டின் வாய் 6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், பின்பக்க வலை குறைந்தது 7 மீட்டர் உயரம் வேண்டும். வட்டு எறிதலுக்காகப் போட்ட பழைய வலை இருக்கிறதே என்று சங்கிலிக் குண்டைத் தொடங்கிவிடாதீர்கள். வலையின் வலுவும் உயரமும் வேறு. வாயிலில் நகரும் இரண்டு தடுப்புகளும் தேவை. கூண்டுக்குப் பணம் இல்லை என்றால், அது கிடைக்கும் வரை கயிற்றில் கட்டிய பந்துகளோடு சுழற்சியை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

நடைப்போட்டிக்காரர்களுக்கு ஆபத்து சாலையில். விடியற்காலை நான்கரை மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பிள்ளைகளை நடக்க விடும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். கல்லூரி வளாகமோ ஏரிக்கரையோ அடைத்துவிடக்கூடிய தெருவோ தேடுங்கள்.

3. முதல் ரூபாய் பயிற்சியாளருக்கு

தொழில்நுட்பம் மிகுந்த பிரிவுகளில் முதல் ஆறு மாதத்தில் படிந்த தவறை நீக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே கருவிக்கு முன்பே பயிற்சியாளர் வேண்டும். பொதுவான தடகளப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு அவரை அனுப்பலாம், பிறகு அந்தப் பிரிவில் தேசிய அளவில் ஆடிய ஒருவரை மாதத்துக்கு இரண்டு நாள் வரவழைத்து அவருக்குத் துணையாக நிறுத்தலாம். வெளியூர் நிபுணரின் இரண்டு நாளைவிட, உள்ளூர்க்காரரின் மற்ற இருபத்து நான்கு நாட்கள்தான் பிள்ளையை வளர்க்கும்.

சம்பளத்தை மாதச் சம்பளமாகவே கொடுங்கள். பதக்கத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். பதக்கத்துக்குப் பணம் என்று சொன்ன நாளிலிருந்து, காயம்பட்ட பிள்ளை போட்டிக்கு இழுத்துவரப்படும், பதினேழு வயதுப் பையன் பதினைந்து வயதுப் பிரிவில் நிற்பான், யாரோ ஓர் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். இதைச் செய்பவர்கள் தீயவர்கள் என்று சொல்லவில்லை. சம்பளம் அப்படி அமைந்தால் நடத்தையும் அப்படித்தான் அமையும்.

பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் பெண் பயிற்சியாளரோ, பயிற்சி நேரம் முழுவதும் இருக்கும் பெண் பொறுப்பாளரோ கட்டாயம். பயணத்தில் தனியறை, பயிற்சியாளரோடு தனிச் சந்திப்பு இல்லாமை, புகார் சொல்ல வேண்டியவரின் பெயரும் எண்ணும் என மூன்றையும் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொரு பெரியவரும் தெரிந்திருக்க வேண்டும்.

4. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தல்: முதலில் சான்றிதழ், பிறகு சோதனை

பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் யாரையும் ஓடவிடாதீர்கள். பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் போதாது. பதிவு செய்த தேதியையும் பாருங்கள். பிறந்து பல ஆண்டுகள் கழித்துப் பதிவானது என்றால், பிற்காலத்தில் எலும்பு வயதுப் பரிசோதனை வரை கேள்விகள் எழும். ஆதார், பள்ளிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மூரில் தலைப்பெழுத்து முன்னாலும் பின்னாலும் அலையும். இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் அடையாள எண்ணுக்குப் பதியும்போது இதுதான் முதல் சிக்கல்.

சோதனை எளிதாக இருக்கட்டும். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், 30 மீட்டர் ஓட்டம், கனமான பந்தைத் தலைக்குப் பின்னால் எறிதல் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அளவை வைத்து அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். பன்னிரண்டு வாரம் எல்லோரையும் வரவிட்டு, அதே சோதனையை மீண்டும் வையுங்கள். முதல் நாள் அளவைவிட முன்னேற்றமும் வருகைப் பதிவும்தான் நம்பத்தக்கவை. பதின்மூன்று வயதில் மீசை அரும்பிய பையன் எல்லாவற்றிலும் முதலாவதாக வருவான். பதினேழு வயதில் மற்றவர்கள் அவனை எட்டிப் பிடித்துவிடுவார்கள்.

எங்கே தேடுவது என்பதில் கொஞ்சம் கற்பனை வேண்டும். கோலூன்றித் தாண்டுதலுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் விட்ட பிள்ளைகள், ஸ்டீபிள்சேஸுக்குத் தடைகளைக் கண்டு அஞ்சாத 1500 மீட்டர் ஓட்டக்காரர்கள், சங்கிலிக் குண்டுக்குக் குண்டு எறிதலில் உயரம் போதாமல் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகியோரைப் பாருங்கள். சிலம்பம் சுற்றிய பிள்ளைகள் காலைத் திருப்பிச் சுழலும் முறையை மற்றவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே ஒன்றைப் பேசிவிட வேண்டும். பலர் கல்லூரி இடத்துக்கான விளையாட்டுச் சான்றிதழுக்காகவே அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. அந்த ஆசையைக் கண்டிக்க நமக்கு உரிமை இல்லை. எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை விளக்கி, கல்லூரியில் சேர்ந்த பிறகும் பயிற்சி தொடர வேண்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

5. கருவிகள்: வயதுக்கும் எடைக்கும் ஏற்றவை

ஆண்கள் சங்கிலிக் குண்டு 7.26 கிலோ, இருபது வயதுக்குட்பட்டோருக்கு 6 கிலோ, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோ. பெண்களுக்கு 4 கிலோ, பதினெட்டுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ. நன்கொடையாளர் ஒருவர் ஆர்வத்தோடு 7.26 கிலோ குண்டுகள் ஆறு வாங்கி வந்தால், அவை உங்கள் அறையில் ஐந்து ஆண்டுகள் துருப்பிடிக்கும். கருவிப் பட்டியலை எழுதிக் கொடுத்து, அதிலிருந்து மட்டும் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கோல் விஷயத்தில் நாங்கள் பட்ட அடி பெரியது. முதலாண்டில் பெரிய வீரர்கள் பயன்படுத்துவதைப் பார்த்து நீளமான இரண்டு கோல்களை வாங்கினோம். பிள்ளைகளால் அவற்றை வளைக்கவே முடியவில்லை. ஒவ்வொரு கோலிலும் நீளமும், அது தாங்கும் உடல் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். பிள்ளையின் எடையைவிடக் குறைந்த எடைக்கான கோலைக் கொடுத்தால் உடையலாம். மிகவும் கூடுதலானதைக் கொடுத்தால் வளையாமல் ஓடுபாதைக்கே திருப்பித் தள்ளும். வளரும் பிள்ளை ஓராண்டில் ஐந்து கிலோ கூடிவிடும். ஆகவே ஒரு கோல் வாங்குவதாக நினைக்காமல், படிப்படியாக ஏறும் ஒரு வரிசையை வாங்குவதாகத் திட்டமிட வேண்டும். பழைய வீரர்களிடம் பயன்படுத்தாமல் கிடக்கும் கோல்களைக் கேட்டு வாங்குவது நல்ல தொடக்கம். விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இறங்கும் மெத்தையைச் செங்கல்லின் மேலோ மரச்சட்டத்தின் மேலோ தூக்கி வைத்து, தார்ப்பாய் போடுங்கள். மழையைவிட எலியும், மதியத்தில் அங்கே உறங்க வரும் நாய்களும்தான் அதிகச் சேதம் செய்கின்றன.

காலணியை எல்லோருக்கும் ஒரே மாதிரி மொத்தமாக வாங்குவது பெரிய தவறு. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு இரண்டு பாதங்களிலும் ஆறு ஆறு விரல்கள். பொருந்தாத காலணியால் அவர் பட்ட வலி, அவர் வென்ற பிறகே நாட்டுக்குத் தெரிந்தது. உங்கள் குழுவில் யாருக்கு எந்த இடத்தில் காலணி கடிக்கிறது என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.

6. நான்காண்டுக் கணக்கு எழுதுங்கள்

பதினான்கு வயதில் சேர்ந்த பிள்ளை தேசிய ஜூனியர் அளவுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஓராண்டுத் திட்டத்துக்கு நிதி கேட்டால், காட்டுவதற்கு எதுவும் இல்லாத நேரத்தில் பணம் நின்றுபோகும்.

கணக்கில் ஆறு தலைப்புகள் போதும்: பயிற்சியாளர், உணவு, பயணம், கருவியும் பராமரிப்பும், மருத்துவம், காப்பீடு. இவற்றில் எல்லோரும் குறைத்துப் போடுவது உணவையும் பயணத்தையும். ஒரு பிள்ளைக்கு முட்டை, பால், சுண்டல் என நாளுக்கு 40 ரூபாய் வைத்தாலும், பன்னிரண்டு பேருக்கு 300 நாளுக்கு 1,44,000 ரூபாய். இதைக் காகிதத்தில் பார்த்தால்தான் ஒருவேளைச் சத்துணவு எவ்வளவு பெரிய செலவு என்று புரியும். அதை வெட்டினால் மற்ற ஐந்து தலைப்புகளும் வீண்.

பயணத்தில் மறந்துபோவது பயிற்சியாளரின் டிக்கெட். தடகளத்தில் தொழில்நுட்பப் பிரிவு வீரர் ஒருவர், மூன்று முயற்சிகளுக்கு இடையே ஓட்டத் தொடக்கத்தை எவ்வளவு பின்னுக்கு நகர்த்துவது என்று சொல்ல ஆளில்லாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கோல் கொண்டுபோக வேண்டியவர்கள் ரயில், லாரி, விமானம் எதில் அனுப்புவது என்பதைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே முடிவுசெய்து, அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும்.

7. பணம் திரட்டும் வரிசை

முதலில் ஊர். பழைய மாணவர்கள், கடைக்காரர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என நாற்பது பேர் மாதம் 500 ரூபாய் தந்தால் மாதம் 20,000 ரூபாய் வரும். ஒருவர் ஒரே தடவையில் தரும் இரண்டு லட்சத்தைவிட இது மேலானது, ஏனென்றால் நாற்பது பேரும் ஒரே மாதத்தில் நிறுத்த மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு அளவுகளை அனுப்புங்கள். புகைப்படத்தை மட்டும் அனுப்பினால் நம்பிக்கை தேய்ந்துவிடும்.

இரண்டாவது, பதிவு. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிந்து, வருமான வரித்துறையில் வரிச்சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளைப் பெற்று, பிறகு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) பெறுவதற்காக நிறுவன விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவத்தைப் பதிய வேண்டும். சிஎஸ்ஆர் பணியை நிறைவேற்றும் அமைப்புக்கு அதே வகைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் தேவை என்று விதி சொல்கிறது. ஆகவே புதிய குழு நேரடியாகப் பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டுவதில் பயனில்லை. ஏற்கெனவே தகுதியுள்ள ஓர் அறக்கட்டளையின் திட்டமாக, எழுத்துமூலமான ஒப்பந்தத்தோடு முதல் மூன்று ஆண்டுகளை ஓட்டுங்கள்.

மூன்றாவது, சிஎஸ்ஆர் நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் கிராமப்புற விளையாட்டுகளுக்குமான பயிற்சி, ஏழாம் அட்டவணையில் அனுமதிக்கப்பட்ட பணிதான். ஐந்து கோடி லாபம் என்ற வரம்பைக் கவனியுங்கள். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அந்த வரம்புக்குள் வரும் நடுத்தர நிறுவனங்கள் உண்டு. எல்லோரும் சென்னையின் பெரும் நிறுவனங்களையே துரத்துவதால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இங்கே நான்கு இடத்தில் வழுக்கும். சட்டையில் நிறுவனத்தின் சின்னத்தைப் போடுகிறோம் என்று கடிதத்தில் எழுதினால், அது விளம்பரப் பயனுக்கான ஸ்பான்சர்ஷிப் ஆகிவிடும். அந்தப் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் வராது. ஒருநாள் மாரத்தான் போன்ற ஒற்றை நிகழ்ச்சிகளும் சிஎஸ்ஆர் ஆகாது. ஒரே வீரரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பன்னிரண்டு பிள்ளைகளுக்கான பயிற்சித் திட்டமாகக் கேட்டால் அவர்களின் குழு எளிதில் ஒப்புக்கொள்ளும். கடைசியாக, மார்ச்சில் போய் நிற்காதீர்கள். ஆண்டுத் திட்டம் ஏப்ரலுக்கு முன் முடிவாவதால், டிசம்பரிலேயே முன்மொழிவு அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

நான்காவது, அரசுத் திட்டங்கள். இவை குழுவுக்கு வருவதில்லை, வீரருக்கு வருபவை. அதுவும் அளவு எட்டிய பிறகு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், சாம்பியன்ஸ் மேம்பாட்டுத் திட்டம், அதற்கு மேல் சர்வதேசப் பதக்கத்தைக் குறிவைக்கும் மிம்ஸ், உச்சநிலை வீரர்களுக்கான எலைட் என்று உதவித் திட்டங்களின் படிகள் உண்டு. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் போட்டிப் பயணத்துக்கும் கருவிக்கும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படும். அதில் 1.20 லட்சம் மட்டுமே வீரரின் கைச்செலவுக்கு. மீதி பயிற்சி, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கானது. இதை விளக்காமல் விட்டால், மீதிப் பணத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று குடும்பம் நினைக்கும்.

8. போட்டி நாட்காட்டி

ஆள் குறைந்த பிரிவுகளுக்கு உள்ள மறைமுகமான குறை, போட்டி அனுபவம் கிடைக்காமை. ஓட்டக்காரர் ஆண்டுக்குப் பதினைந்து போட்டியில் ஓடுவார். சங்கிலிக் குண்டு எறிபவருக்கு மூன்றோ நான்கோ கிடைக்கும், அதிலும் பாதியில் நேரமின்மையால் மூன்று எறிதலோடு முடித்துவிடுவார்கள்.

ஆகவே நீங்களே நடத்துங்கள். மாவட்டத் தடகளச் சங்கத்திடம் நடுவர்களைக் கேட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து மாவட்டக் குழுக்களை அழைத்து, ஒரே பிரிவை மட்டும் ஆறு முயற்சிகளோடு நடத்தினால் அரை நாளில் முடிந்துவிடும். எடைபோட்ட கருவி, எஃகு அளவுநாடா, கையெழுத்திட்ட முடிவுத்தாள் மூன்றும் இருந்தால் போதும். மேடையும் பொன்னாடையும் வேண்டாம்.

நடைப்போட்டிக்கு இது இன்னும் அவசியம். கால் தரையைத் தொடும் கணத்திலிருந்து உடலுக்கு நேராக வரும் வரை முழங்கால் நீண்டிருக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு பாதமும் தரையை விட்டு எழக்கூடாது. நடுவர் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் நடந்த பிள்ளை, முதல் மாநிலப் போட்டியிலேயே சிவப்பு அட்டைகளோடு வெளியேறும். வேகம் கூடும் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் முழங்கால் மடங்கும். அங்கேயே நடுவரை நிறுத்துங்கள்.

மாவட்டம், மாநிலம் ஆகியவற்றுக்குப் பிறகு, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு நிட்ஜாம் என்று அழைக்கப்படும் தேசிய மாவட்டங்களுக்கு இடையிலான ஜூனியர் போட்டி, பிறகு தேசிய ஜூனியர், அதன்பின் ஃபெடரேஷன் கோப்பை என்று படிகள் ஏறும். ஓராண்டில் உச்சத்தில் இருக்க வேண்டிய போட்டிகள் இரண்டுதான் என்று முன்பே குறித்துக்கொண்டு, மற்றவற்றைப் பயிற்சியாகவே பாருங்கள்.

9. மருந்து, பொடி, குளுக்கோஸ் பாட்டில்

உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அடிப்படை. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், முடிவை மாற்றாது.

உள்ளூர் உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் பொடிகளை முற்றாகத் தடை செய்யுங்கள். நன்கொடையாளர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கும் முன், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பெயரைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் பதினைந்து வயதிலேயே வர வேண்டும்.

நம்மூரில் யாரும் எச்சரிக்காத ஒன்று குளுக்கோஸ் ஏற்றுவது. களைப்பாக இருக்கிறது என்று தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்வது இங்கே சாதாரணம். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்புவழித் திரவம் ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறியும் பரிசோதனை ஆகியவை தவிர, தடைசெய்யப்பட்ட முறை. பாட்டிலில் வெறும் உப்புத் தண்ணீர் இருந்தாலும் விதி அதுவே. இதைப் பெற்றோருக்கும் சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துச்செல்வது அவர்கள்தான்.

10. எடை கூடும் வயதில் பதறாதீர்கள்

பதினேழு வயதில் 5 கிலோ குண்டை எறிந்து தேசியப் பதக்கம் வாங்கிய பையன், 6 கிலோவுக்கும் பிறகு 7.26 கிலோவுக்கும் மாறும்போது தூரம் பல மீட்டர் குறைந்துவிடும். நன்கொடையாளர்களுக்கு அது வீழ்ச்சியாகத் தெரியும். பையனுக்கும் அப்படியே தோன்றும். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் மிகுதியானவர்கள் விலகிப் போகிறார்கள். அவன் பதினாறு வயதில் இருக்கும்போதே, எந்த ஆண்டில் எந்த எடை, அதில் எவ்வளவு எறிந்தால் சரியான பாதையில் இருக்கிறான் என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோர், நன்கொடையாளர், பையன் மூவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

இதே காலத்தில் கல்லூரியும் வேலையும் குறுக்கே வரும். ராணுவம், ரயில்வே, காவல்துறை போன்றவற்றின் விளையாட்டு வழி ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைப் பயிற்சியாளர் தொடர்ந்து பார்க்க வேண்டும். அவற்றில் எல்லாத் தடகளப் பிரிவுகளுக்கும் ஒவ்வோராண்டும் இடம் இருப்பதில்லை.

11. கைமாற்றிக் கொடுத்தல்

தேசிய ஜூனியர் அளவில் முதல் ஐந்துக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கு, மாவட்ட மைதானம் போதாது. தேசிய முகாமுக்கோ நல்ல உயர்நிலைப் பயிற்சி மையத்துக்கோ அனுப்பத் தயங்காதீர்கள். உருவாக்கிய பயிற்சியாளருக்கு இது மனவருத்தம் தரும், அதனால் பெயர் பறிபோகாதபடி ஒப்பந்தத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள். அரசு தரும் ஊக்கத்தொகையில் பயிற்சியாளருக்கும் பங்கு வரும் இடங்களில், தொடக்கப் பயிற்சியாளர் யார் என்பதை வீரரின் கையெழுத்தோடு ஆண்டுதோறும் பதிந்து வையுங்கள்.

பிள்ளையோடு ஒரு கோப்பும் போக வேண்டும். ஆண்டுவாரியான அளவுகள், உடல் எடை, பட்ட காயங்களும் அவற்றுக்குச் செய்த சிகிச்சையும், பயன்படுத்திய கோல் அல்லது குண்டின் விவரம், எந்தத் தொழில்நுட்பத் தவறு எப்போது திரும்பி வருகிறது என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். புதிய பயிற்சியாளர் அதை முதல் வாரத்தில் படிக்காமல் போகலாம். முதல் காயம் வந்தவுடன் தேடி எடுப்பார். பிள்ளை காலி செய்த இடத்துக்கு, பன்னிரண்டு வார வருகைப் பதிவேட்டில் அடுத்ததாக இருப்பவரை அழையுங்கள்.